சென்னையில் ஆறு வாரம் தமிழும் பாட்டும் படிக்க டூரிஸ்ட் விசா போதுமா, ஸ்டூடன்ட் விசா வேண்டுமா?

கேட்டவர் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்தும் ஒரு டீச்சர். நவம்பர் கடைசியில் ஒரு குழுவைச் சென்னைக்கு அழைத்துப் போகிறார். ஆறு வாரத்துக்குக் காலையில் தமிழ் வகுப்பு, மாலையில் பாட்டும் நடனமும். பெரும்பாலோரிடம் இருப்பது தென்னாப்பிரிக்க பாஸ்போர்ட். ஒரு பையன் பல்கலைக்கழக மாணவன். இந்தப் படிப்பைத் தன் பட்டப்படிப்பில் கணக்கு காட்ட ஆசைப்படுகிறான். ஒரு பெண்ணுக்குப் பதினாறு வயதுதான். ஒருத்தி இந்திய பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு இங்கே படிக்கிறவள். கூட வருகிற பாட்டியிடம் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) இருக்கிறது. அடுத்த ஜூலையில் சென்னையிலிருந்து இரண்டு மாணவிகள் இங்கே வரவும் பேச்சு நடக்கிறது. இவர்களில் யாருக்கு எந்த விசா என்பதுதான் கேள்வி.

அக்கா, நான் இந்த ஊரில் பயண ஏற்பாட்டு வேலையில் பல வருடம் இருந்தவள் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

உங்களிடம் பலர் “மூன்று மாதத்துக்குள் என்றால் டூரிஸ்ட், அதற்கு மேல் என்றால் ஸ்டூடன்ட்” என்று சொல்லியிருப்பார்கள். இந்தியாவுக்குப் போகும்போது அந்தக் கணக்கு உதவாது. அங்கே நாள் கணக்கைவிட முக்கியம் படிப்பின் தன்மை. இணையத்திலேயே விண்ணப்பித்து வாங்கும் இந்திய அரசின் இ-டூரிஸ்ட் விசாவில் என்னென்ன செய்யலாம் என்று ஒரு பட்டியல் உண்டு. சுற்றிப் பார்ப்பது, சொந்தக்காரர்களைப் பார்ப்பது, குறுகிய கால யோகா பயிற்சி ஆகியவற்றோடு உள்ளூர் மொழி, இசை, நடனம், கைவினை, சமையல், மருத்துவம் முதலியவற்றில் குறுகிய காலப் படிப்பும் அதில் இருக்கிறது. நமக்கு இது பெரிய வசதி. ஆனால் கூடவே நிபந்தனைகளும் இருக்கின்றன. படிப்பு ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. முறையான பாடத்திட்டம், தேர்வு, பதிவு என்று கட்டமைத்த படிப்பாக இருக்கக் கூடாது. முடிவில் தகுதிச் சான்றிதழோ டிப்ளமோவோ தரக் கூடாது.

அதனால் விசா விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்களுக்குப் பாடம் நடத்தப் போகும் நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம் வாங்குங்கள். எந்த விசா என்பதை அந்தக் கடிதத்தில் இருக்கும் சொற்களே முடிவு செய்யும். படிப்பின் பெயர், தொடங்கும் நாள், முடியும் நாள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், கட்டணம், தேர்வு உண்டா இல்லையா, கடைசியில் தருவது என்ன தாள் என்பதெல்லாம் அதில் தெளிவாக இருக்க வேண்டும். வந்து கலந்துகொண்டார் என்று மட்டும் சொல்லும் பங்கேற்புச் சான்று தருவார்கள் என்றால் இ-டூரிஸ்ட் விசாவில் போகலாம். ‘சான்றிதழ்ப் படிப்பு’, ‘டிப்ளமோ’, ‘பதிவு எண்’, ‘மதிப்பெண் பட்டியல்’ என்று கடிதம் பேசினால் ஸ்டூடன்ட் விசாதான். ஒவ்வொருவர் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே, எழுத்துக்கு எழுத்து, கடிதத்தில் வர வேண்டும். நம் பக்கத்தில் கோவிந்தர், பிள்ளை, மூட்லி, படையாச்சி என்று குடும்பப் பெயர்களை ஆளுக்கொரு விதமாக ஆங்கிலத்தில் எழுதுகிறோம். சென்னையில் இருப்பவர்கள் தங்கள் வழக்கப்படி திருத்தி எழுதிவிடுவார்கள். பாஸ்போர்ட் முதல் பக்கத்தின் பிரதியை அனுப்பி, அதைப் பார்த்தே எழுதச் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். தேர்வும் சான்றிதழும் உள்ள படிப்புக்கு அவை இல்லாதது போல் கடிதம் வாங்கிப் போகலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். விமான நிலையத்தில் அதிகாரி “எதற்கு வந்தீர்கள்?” என்று கேட்டால், பதினெட்டு வயதுப் பிள்ளை உண்மையைத்தான் சொல்லும். சொல்லட்டும், அதுதான் சரி. சொல்கிற உண்மைக்கும் கையில் இருக்கிற விசாவுக்கும் பொருத்தம் இருக்கும்படி பார்த்துக்கொள்வது பெரியவர்களான நம் பொறுப்பு. விசாவின் நோக்கத்தை மீறினார் என்று ஒருமுறை பதிவாகிவிட்டால், அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது அது அந்தப் பிள்ளையின் தலையில்தான் விழும்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், உங்கள் குழுவில் பெரும்பாலோருக்கு இ-டூரிஸ்ட் விசா பொருந்தும். தென்னாப்பிரிக்க பாஸ்போர்ட்டுக்கு அரசு இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. இது தெரியாமல் பணம் கட்டுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். கூகுளில் தேடினால் முதலில் வருவது அரசுத் தளம் மாதிரியே வடிவமைத்த தனியார் தளங்கள். எண்பது, நூறு டாலர் என்று கேட்பார்கள். உண்மையான தளத்தின் முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடியும். அப்படி முடியவில்லை என்றால் பாஸ்போர்ட் விவரங்களை அங்கே தட்டாதீர்கள்.

தளத்துக்குள் போனதும் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். இ-டூரிஸ்ட் விசாவில் முப்பது நாள், ஓராண்டு, ஐந்தாண்டு என்று வகைகள் உண்டு. முப்பது நாள் விசாவை எடுத்துவிட்டால் ஆறு வாரப் படிப்பு பாதியில் நிற்கும். இ-விசாவை அங்கே போய் நீட்டிக்க முடியாது, வேறு விசாவாக மாற்றவும் முடியாது. ஆகவே எல்லோருக்கும் ஓராண்டு விசாவே எடுங்கள். அதில் பலமுறை போய்வரலாம். நம் பாஸ்போர்ட்டுக்கு ஒரு தடவை தொடர்ச்சியாக 90 நாள் வரை தங்கலாம். ஓராண்டு விசாவுக்கு 120 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முப்பது நாள் வகைக்கு முப்பது நாள் முன்னால்தான் கதவு திறக்கும். ஓராண்டின் கணக்கு அனுமதி வழங்கிய நாளிலிருந்தே ஓடத் தொடங்கும். நவம்பர் பயணத்துக்கு அக்டோபர் நடுவில் விண்ணப்பித்தால் போதும்.

விண்ணப்பம் நீளமானது. பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கம் இருக்க வேண்டும். படம் சதுரமாக, வெள்ளைப் பின்னணியில், கண்ணாடி இல்லாமல். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் பிடிஎஃப் கோப்பாக ஏற்ற வேண்டும். கோப்பின் அளவு 300 கேபி-யைத் தாண்டினால் தளம் வாங்காது. போனில் எடுத்ததைச் சுருக்கித்தான் போட வேண்டும். இந்தியாவில் ஒருவருடைய பெயரும் முகவரியும் போன் எண்ணும் கேட்பார்கள். அதற்கு அந்த நிறுவனத்தின் விவரத்தையே எல்லோரும் ஒரே மாதிரி எழுதுங்கள். பெற்றோரோ தாத்தா பாட்டியோ பாகிஸ்தானைச் சேர்ந்தவர்களா என்று ஒரு கேள்வி வரும். டர்பனில் கலப்புத் திருமணக் குடும்பங்கள் நிறைய, எனவே பிள்ளைகள் வீட்டில் கேட்டுவிட்டுப் பதில் எழுதட்டும். ஆம் என்று வந்தால் அவர் இ-விசாவுக்குப் போக முடியாது; தூதரகம் வழியாகத் தாள் விசாவுக்குத்தான் போக வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் அவகாசம் வேண்டும், ஆகவே முதலில் அவருடைய வேலையை எடுங்கள்.

இன்னொரு கட்டத்தில் வருகையின் நோக்கம் கேட்பார்கள். குறுகிய காலப் படிப்புக்கு உள்ள தெரிவையே எடுங்கள். ‘ஆராய்ச்சி’ என்ற சொல்லை யாரும் எழுத வேண்டாம். முன்னோர் ஊரைத் தேடப் போகிறேன், எழும்பூர் ஆவணக் காப்பகத்தைப் பார்க்கப் போகிறேன் என்கிற ஆர்வத்தில் சில பிள்ளைகள் அப்படி எழுதிவிடுகிறார்கள். ஆராய்ச்சிக்குத் தனி விசா வகை இருக்கிறது. உங்கள் விண்ணப்பம் அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

விண்ணப்பித்தால் பொதுவாக மூன்று நாளுக்குள் மின்னஞ்சலில் அனுமதி வரும். அதை அச்சடித்து ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். விமான நிறுவனம் முதலில் கேட்பது அதைத்தான். கைரேகையும் படமும் சென்னையில் இறங்கிய பிறகு எடுப்பார்கள். வெளிநாட்டவர் இந்தியாவில் இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய இ-வருகை அட்டை 2025 அக்டோபரில் வந்தது. அதற்கும் காசு இல்லை.

பல்கலைக்கழகப் பையனுக்கு வருவோம். அவன் தன் பட்டப்படிப்பில் கணக்கு காட்ட வேண்டும் என்றால் சென்னையிலிருந்து மதிப்பெண்ணோடு கூடிய தாள் வேண்டும். மதிப்பெண் தருகிற படிப்பு முறையான படிப்பு. அவனுக்கு ஸ்டூடன்ட் விசாதான், ஆறு வாரமே ஆனாலும். அதற்கு இரண்டு வழி. ஒன்று, தூதரகத்துக்காக விசா விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் மையம் வழியாகத் தாள் விசா. சேர்க்கைக் கடிதம், செலவுக்குப் பணம் இருப்பதற்கு வங்கி அறிக்கை, இங்குள்ள பல்கலைக்கழகத்தின் கடிதம் எல்லாம் வேண்டும். கட்டணமும் சேவைக் கட்டணமும் உண்டு. இன்னொன்று 2025 தொடக்கத்தில் வந்த இ-ஸ்டூடன்ட் விசா. ‘ஸ்டடி இன் இந்தியா’ என்ற அரசுத் தளத்தில் பதிந்து அடையாள எண் வாங்கியவர்களுக்குத்தான் அது. அந்தத் தளத்தில் சேர்ந்த கல்வி நிறுவனங்களில்தான் செல்லும். உங்கள் நிறுவனம் சிறிய கலைப்பள்ளி என்றால் அந்த வழி திறக்காது.

அவனிடம் நான் கேட்க விரும்பும் கேள்வி வேறு. அந்த மதிப்பெண் உண்மையிலேயே வேண்டுமா? தன் துறைத் தலைவரிடம் முதலில் எழுத்தில் கேட்கட்டும். வெளியில் படித்ததை ஏற்றுக்கொள்வதாக அவர்கள் முன்கூட்டியே எழுதித் தரவில்லை என்றால், இவ்வளவு அலைந்து வாங்கும் தாள் அலமாரியில்தான் இருக்கும். ஏற்றுக்கொள்வார்கள் என்றால் அலையலாம், தப்பில்லை. ஆனால் மற்றவர்களோடு டூரிஸ்ட் விசாவில் போய், அங்கே சேர்ந்துகொண்டு பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். மாற்ற முடியாது. தாள் விசாவில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அது வழங்கிய தேதியிலிருந்து ஓடத் தொடங்கும், இறங்கிய தேதியிலிருந்து அல்ல. இரண்டு மாதத்துக்கான விசாவை மிகவும் முன்னால் வாங்கினால் படிப்பு முடியும் முன்பே காலாவதியாகும். மிகவும் பின்னால் போனால் டிசம்பர் விடுமுறையில் மாட்டும். அக்டோபர் தொடக்கத்தில் ஆவணம் எல்லாம் தயாராக வைத்து, எத்தனை நாளுக்கு விசா வேண்டும் என்பதை விண்ணப்பத்தில் பயண நாள்களையும் சேர்த்தே கேளுங்கள். 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் இறங்கிய 14 நாளுக்குள், வெளிநாட்டவரைப் பதியும் எஃப்ஆர்ஆர்ஓ அலுவலகத்தில் பதிய வேண்டும். ஆறு வாரத்துக்கு அந்தக் கவலை இல்லை.

ஆனால் வேறொரு பதிவு எல்லோருக்கும் உண்டு. வெளிநாட்டவரைத் தங்க வைக்கிறவர் 24 மணி நேரத்துக்குள் அதை இணையத்தில் தெரிவிக்க வேண்டும். சி படிவம் என்று சொல்வார்கள். ஹோட்டலும் விடுதியும் தாங்களே செய்துவிடும். உங்கள் பிள்ளைகள் வார இறுதியில் தஞ்சாவூரிலோ வேலூரிலோ தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் தங்கினால், அந்த வீட்டுக்காரருக்கும் அந்தக் கடமை உண்டு. பாவம், அவர்களுக்கு இது தெரிந்திருக்காது. முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பதினாறு வயதுப் பெண்ணுக்கு இந்திய விசாவைவிட நம் நாட்டை விட்டு வெளியேறுவதில்தான் தாள் வேலை அதிகம். பெற்றோர் இல்லாமல் வேறொரு பெரியவரோடு போகும் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு, பெற்றோர் இருவர் விவரமும் உள்ள பிறப்புச் சான்றிதழ், இருவரும் உங்கள் பெயரைக் குறிப்பிட்டு அனுமதிக்கும் அஃபிடவிட், அவர்களுடைய அடையாள அட்டை அல்லது பாஸ்போர்ட் பிரதி, தொடர்பு எண்கள் எல்லாம் வேண்டும். அப்பா அம்மா பிரிந்திருந்தால் நீதிமன்ற ஆணை, ஒருவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ். நம் உள்துறையான ஹோம் அஃபேர்ஸில் முழு விவரப் பிறப்புச் சான்றிதழ் கேட்டு வாங்குவதற்குள் பல வாரம் ஓடிவிடலாம். இந்தப் பட்டியலில் முதலில் தொடங்க வேண்டிய வேலை இதுதான், இன்றைக்கே.

பாட்டிக்கு விசாவே வேண்டாம், ஓசிஐ போதும். படிக்கவும் செய்யலாம். அட்டை வாங்கிய பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால், மூன்று மாதத்துக்குள் புதிய பாஸ்போர்ட் பிரதியும் படமும் இணையத்தில் ஏற்ற வேண்டும். செய்தாரா என்று பாருங்கள். பழைய பாஸ்போர்ட்டைக் கூடவே தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்ற விதி 2021-இல் போய்விட்டது.

பாட்டிக்கு இருக்கிறதே, நமக்கும் வாங்கினால் என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள். இங்கே ஒரு தவறான எண்ணம் ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது. ‘நாலு தலைமுறைக்குத்தான் ஓசிஐ, எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அப்பா கப்பலில் வந்தவர், எங்களுக்குக் கிடைக்காது’ என்று பலர் முயற்சி கூடச் செய்வதில்லை. தலைமுறையைக் கப்பலிலிருந்து எண்ணக் கூடாது. 1950 ஜனவரி 26 அன்று இந்தியக் குடியுரிமைக்குத் தகுதி உள்ளவராக இருந்தவரிடமிருந்து எண்ண வேண்டும். அவருடைய பிள்ளை, பேரப்பிள்ளை, கொள்ளுப்பேரப்பிள்ளை வரை விண்ணப்பிக்கலாம். அந்தத் தகுதி யாருக்கு? தானோ, பெற்றோரில் ஒருவரோ, தாத்தா பாட்டியில் ஒருவரோ பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்து, வெளிநாட்டில் வாழ்ந்துகொண்டிருந்தவருக்கும் அது உண்டு. அதாவது கப்பலில் வந்தவருடைய பேரன் 1950-இல் இங்கே டோங்காட்டில் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தாலும் அவர் தகுதியானவர். அவரிடமிருந்து மூன்று தலைமுறை கீழே வரலாம். கப்பலில் வந்தவரிடமிருந்து எண்ணினால் அது ஆறாம் தலைமுறை. மொரிஷியஸ்காரர்களுக்கு ஏழாம் தலைமுறை வரை என்று 2024 மார்ச்சில் ஒரு தனிச் சலுகை அறிவித்தார்கள். அது நமக்கானது அல்ல, ஆனால் நமக்கு இந்த எண்ணிக்கையே பெரும்பாலும் போதும்.

சிக்கல் ஆவணத்தில். 1860 நவம்பர் 16 அன்று மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனில் நின்ற நாள் முதல் 1911 வரை ஒன்றரை லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக நடாலுக்கு வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் போட்டு, பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, ஊர் என்று எழுதி வைத்தார்கள். அந்தக் கப்பல் பட்டியல்கள் குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுதூலி ஆவண மையத்தில் இருக்கின்றன. பட்டியலில் இருக்கும் ஆளிலிருந்து உங்கள் பிள்ளை வரை பிறப்பு, திருமணச் சான்றிதழ்களை இடைவெளி இல்லாமல் கோக்க வேண்டும். நடுவில் ஒரு கோயில் கல்யாணம் பதியாமல் விட்டுப்போயிருக்கும், ஒருவர் பெயர் இரண்டு விதமாக இருக்கும். அதனால் நவம்பர் பயணத்துக்கு ஓசிஐ-யை நம்பாதீர்கள். ஆனால் பிள்ளைகளிடம் அந்தத் தேடலை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். சென்னையில் படித்துவிட்டு வருகிறவர்களில் ஓரிருவர் மறுபடியும் நீண்ட நாள் போய்த் தங்க ஆசைப்படுவார்கள், அப்போது உதவும். ஓசிஐ குடியுரிமை அல்ல, ஆகவே தென்னாப்பிரிக்கக் குடியுரிமைக்கு அதனால் பாதகம் இல்லை.

இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் மாணவியைப் பற்றி எழுதும்போது “அவளுக்குப் பிரச்சினை இல்லை, சொந்த நாடுதானே” என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் குழுவிலேயே நான் அதிகம் கவலைப்படுவது அவளைப் பற்றித்தான். இந்தியாவுக்குள் நுழைவது அவளுக்குச் சுலபம், திரும்பி வருவதுதான் விஷயம். அவளுடைய தென்னாப்பிரிக்க விசா என்றைக்கு முடிகிறது என்று பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள். ஜனவரிக்கு முன் முடிகிறது என்றால் புதுப்பிக்காமல் அவள் போகக் கூடாது. புதுப்பிக்கும் விண்ணப்பத்தை விசா முடிவதற்கு 60 நாளுக்கு முன்பே கொடுக்க வேண்டும் என்பது விதி. கொடுத்துவிட்டு முடிவு வராமல் ரசீதோடு மட்டும் நாட்டை விட்டுப் போவது பெரிய ஆபத்து. அப்படிக் காத்திருப்பவர்களுக்கு ஹோம் அஃபேர்ஸ் அவ்வப்போது சுற்றறிக்கை மூலம் சலுகை தந்திருக்கிறது, ஆனால் அது யாருக்கு, எந்தத் தேதி வரை என்று ஒவ்வொரு தடவையும் மாறும். ஒரு பிள்ளையின் படிப்பை அதை நம்பி வைக்கக் கூடாது. விசா முடிந்த பிறகு வெளியேறினால் இன்னும் மோசம்: முப்பது நாளுக்குள் என்றால் பன்னிரண்டு மாதம், முப்பது நாளுக்கு மேல் என்றால் ஐந்து வருடம் மறுபடி நுழைய முடியாதவர் என்று அறிவிப்பார்கள். அவளுடைய பெற்றோரின் வேலை விசா தேதியையும் சேர்த்துப் பாருங்கள். அவளுடையது அதை ஒட்டித்தான் இருக்கும். தேதிகள் நெருக்கமாக இருந்தால், மனது கஷ்டமாக இருந்தாலும், இந்த வருடம் அவளை நிறுத்தி வையுங்கள்.

டிக்கெட் விஷயம் விசா இல்லை என்றாலும் அதோடு பின்னிக் கிடக்கிறது. குறைந்த விலை என்று அடிஸ் அபாபா வழியாகவோ நைரோபி வழியாகவோ எடுக்கத் தோன்றும். எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் இருக்கின்றன. அந்த வழியாக வருகிறவர்களிடம் இந்தியா தடுப்பூசிச் சான்று கேட்கும். விமான நிலையத்தை விட்டு வெளியே போகவில்லை என்று சுகாதார அதிகாரி ஏற்றுக்கொண்டால் விடுவார், ஆனால் ஏற்றுக்கொள்வது அவர் கையில் இருக்கிறது. சான்று இல்லை என்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்க முடியும். திரும்பும்போது அங்கே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் தென்னாப்பிரிக்காவும் கேட்கும். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் சான்று செல்லும். ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுக்கச் செல்லும். பிள்ளைகளுக்குப் போடலாம். அறுபதைத் தாண்டியவர்களுக்கு அந்த ஊசியை டாக்டர்கள் யோசித்துத்தான் போடுவார்கள். பாட்டி இருப்பதால் முழுக் குழுவையும் துபாய் வழியாகவோ தோஹா வழியாகவோ கூட்டிப் போங்கள். மிச்சமாகும் பணம் இந்தத் தலைவலிக்கு ஈடாகாது.

மாதத்தை நீங்கள் நன்றாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். நமக்குக் கோடை விடுமுறை, அங்கே மார்கழி இசை விழா. காலையில் படித்த பாட்டைச் சாயங்காலம் மயிலாப்பூர் சபாவில் பெரிய வித்வான்கள் பாடக் கேட்கலாம். பிள்ளைகளை அங்கே எந்த மேடையிலாவது ஏற்றச் சொல்லி யாராவது கேட்டால் மகிழ்ச்சியாக ஏற்றுங்கள், ஆனால் சன்மானம் எதுவும் வாங்க வேண்டாம். டூரிஸ்ட் விசாவில் காசு வாங்கும் வேலை செய்யக் கூடாது. நீங்கள் அங்கே வகுப்பெடுத்தாலும் அதே விதிதான். தைப்பூசக் காவடிக்கு நேர்ந்துகொண்டவர்கள் குழுவில் இருந்தால், விரதம் தொடங்குவதற்கு முன் ஊர் திரும்பும்படி டிக்கெட் தேதியை வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளில் யாராவது இந்த முறை பணம் போதாமல் பின்வாங்கினால், இந்திய வெளியுறவு அமைச்சகம் புலம்பெயர் வம்சாவளி இளைஞர்களுக்காக நடத்தும் ‘நோ இந்தியா புரோகிராம்’ பற்றி டர்பன் துணைத் தூதரகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள். மூன்று வாரம், தங்கும் செலவு அவர்களுடையது, டிக்கெட்டிலும் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும், விசா இலவசம். மொழி வகுப்பு அல்ல, நாட்டைச் சுற்றிக் காட்டுவதுதான். ஆனாலும் முதல் தடவை போகிறவருக்கு நல்ல வழி.

கடைசியாக ஜூலையில் வரவிருக்கும் இரண்டு மாணவிகள். இங்கே நாள் கணக்குதான் பேசும். 90 நாள் வரையிலான குறுகிய படிப்புக்கு வருகையாளர் விசா போதும், அதற்கு மேல் போனால் குடிவரவுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் வரும் கல்வி விசா. கல்வி விசா என்றால் மருத்துவ அறிக்கை, இந்த நாட்டில் பதிவான மருத்துவத் திட்டத்தில் காப்பு என்று பட்டியல் நீளும். ஒரு மாதத்துக்காக வருகிறவர்களை அதில் இழுக்க வேண்டாம். இந்தியர்களுக்கு விசா முன்கூட்டியே வேண்டும். சென்னையிலுள்ள விஎஃப்எஸ் மையத்தில் கொடுக்கலாம். அழைப்புக் கடிதத்தை நீங்கள் எழுத வேண்டும்: எங்கே தங்குவார்கள், யார் செலவு, எத்தனை நாள், என்ன படிப்பார்கள், அதோடு உங்கள் அடையாள அட்டைப் பிரதி. அவர்கள் பக்கத்தில் மூன்று மாத வங்கி அறிக்கை, போக வர டிக்கெட் முன்பதிவு, பாஸ்போர்ட்டில் இரண்டு வெற்றுப் பக்கம், திரும்பும் நாளுக்குப் பிறகும் முப்பது நாளாவது அது செல்லுபடியாவது. இந்தியச் சுற்றுலாக் குழுக்களுக்காக 2025-இல் நம் அரசு தொடங்கிய நம்பகப் பயண நிறுவனத் திட்டத்தைப் பற்றி ஏஜென்ட் யாராவது சொன்னால், அது சுற்றுலாவுக்கு, படிக்க வருகிறவர்களுக்கு அல்ல என்று விட்டுவிடுங்கள். வந்த பிறகு இங்கேயே தங்கிப் படிக்கலாம் என்று தோன்றினாலும், வருகையாளர் விசாவை நாட்டுக்குள் இருந்துகொண்டு கல்வி விசாவாக மாற்றச் சட்டம் பொதுவாக இடம் தராது. திரும்பிப் போய்த்தான் விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் ஏப்ரல் கடைசியில் ஆவணங்களைத் திரட்டத் தொடங்கி, மே மாதத்தில் கொடுத்துவிட்டால் ஜூலைக்கு நேரம் சரியாக இருக்கும். டிக்கெட்டுக்கு முழுப் பணம் கட்டுவது விசா கையில் வந்த பிறகு.